பெரு நிக்கோபாரில் குடியேறலாமா?



நாவலூரில் பிறந்து, நம் கழகத்தின் உதவியால் பொறியியல் கற்ற தம்பி ஒருவர் அண்மையில் என்னிடம் ஒன்று வினவினார். பெரு நிக்கோபார் தீவில் அமையவிருக்கும் துறைமுகத்தில் வேலை கிடைத்தால் குடும்பத்துடன் அங்கேயே குடியேறிவிடலாமா என்பது அவர் கேள்வி. அது அவர் ஒருவருக்கு உரியதன்று. ஆதலால் விடையை இம்மேடையிலேயே கூறுகிறேன்.

பிறந்த ஊரைக் கட்டிக்கொண்டு கிடங்கள் என்று நம் மக்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. ஊர் நமக்கு என்ன கொடுத்துவிட்டது? இம்மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தவர். மீண்டு வந்து 1923இல் சென்னைச் சட்டசபையில் அமர்ந்தார்.

ஆனால் தம்பி போக எண்ணும் இடம் எத்தகையது? 1969 முதல் அங்கே ஓய்வுபெற்ற படைவீரர்கள் குடியேற்றப்பட்டனர். 2004 நிலநடுக்கத்தில் தீவின் தென்முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. தொடர்ந்து வந்த ஆழிப்பேரலையில் ஊர்களை இழந்து முகாம்களுக்கு வந்த நிக்கோபாரிகள், தம் பழைய ஊர்களுக்கே திரும்ப விடுங்கள் என்று கேட்டு வருகின்றனர். புதிய திட்டத்திற்கோ ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காடு வேண்டுமாம். அத்தீவின் காடுகளில் வாழும் ஷோம்பென் பழங்குடியினர் சில நூற்றுவரே. காட்டை எடுக்கத் தந்த இசைவைப் பழங்குடி மன்றம் 2022இலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஏட்டில் வெற்று நிலம் என்று எழுதப்படுவதன் பொருளை நம்மைவிட அறிந்தவர் யார்? செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அளித்த அறிக்கையின் பயனாக 1892இல் நமக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் எங்கே? அதை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். நிலத்தைப் பறிகொடுத்த நாம் இன்னொருவர் நிலத்தில் மனை போடுவது எனக்கு உவப்பாக இல்லை. முன்னேற்றத்தின் பகைவன் என்று சிலர் என்னைச் சொல்லக்கூடும்; சொல்லிக்கொள்ளட்டும்.

மற்றொன்றைப் பலர் அறியார். அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கெனப் பட்டியல் சாதிகளின் அட்டவணையே இல்லை. அங்கே பிறந்து வளரும் பிள்ளைக்கு நம் சாதிச் சான்றிதழ் கல்வியிலும் வேலையிலும் என்ன பயன் தரும் என்பதைத் தம்பி எழுத்துமூலம் கேட்டு அறியவேண்டும். வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா, தரப்படும் வீடு எவருடைய நிலத்தில் நிற்கிறது என்பவற்றையும் கேட்கட்டும். வேலைக்குச் செல்வது வேறு, குடியேறுவது வேறு. செல்வதே முடிவாயின் தனியே சென்று வரட்டும். வீட்டையும் குடும்ப அட்டையையும் நாவலூரிலேயே வைத்திருக்கட்டும்.