நரம்பா? நாணா?



விசைத்தறிக் கூடங்களும் பட்டறைகளும் நிறைந்த கொங்குநாட்டில் கை அறுபடுவது அரிய செய்தியன்று. தகடு கிழித்த மணிக்கட்டைத் துணியால் சுற்றிக்கொண்டு தொழிலாளி ஒருவன் மருத்துவமனைக்கு ஓடிவருகின்றான். "நரம்பு அறுந்துபோச்சுங்க" என்கின்றான். எந்த நரம்பு? குருதி பீறிடுவது கண்டு குருதிக்குழாயைச் சொல்கின்றானா? விரல் மடங்காமை கண்டு, தசையை எலும்போடு பிணைக்கும் நாணைச் சொல்கின்றானா? விரல்நுனி மரத்துப்போனமையால், உணர்வைக் கொண்டுசெல்லும் உண்மை நரம்பையே சொல்கின்றானா? மூன்றும் வேறு, மூன்றுக்கும் செய்யும் மருத்துவமும் வேறு. குருதியை உடனே நிறுத்தியாக வேண்டும். அறுந்த நாணை இணைத்துத் தைத்துப் பல கிழமை காக்கவேண்டும். நரம்பைத் தைத்தாலும் உணர்வு மீளத் திங்கள் பல ஆகும்.

இக்குழப்பத்தைக் காட்டித் தமிழ் மருத்துவத்திற்கு ஆகாது என்பாருளர். அவர்கள் கிரேக்கத்தின் கதையை அறியார். 'நியூரான்' என்னும் கிரேக்கச் சொல் தொடக்கத்தில் தசைநாணையும் வில்லின் நாணையுமே குறித்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் உடலை அறுத்தாய்ந்த எரோபிலர் போன்றோர் நரம்பை வேறாகக் கண்டறிந்தனர். அதன் பின்னரே அச்சொல் நரம்புக்கு உரியதாயிற்று. கிரேக்கர் தம் சொல்லைக் களைந்து பிறமொழியிடம் கையேந்தவில்லை, பொருளை வரையறுத்துக்கொண்டனர். தமிழிலும் செய்யவேண்டுவது அவ்வளவே. உணர்வுக்கும் ஏவலுக்கும் உரியது நரம்பு. தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். எலும்பை எலும்போடு கட்டுவது பிணைநார். வில்லுக்கு நாண், கட்டுக்கு நார் என்பதை உழவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

தசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. அதன் பொருள் சுண்டெலி! தோலுக்கடியில் தசை புடைத்தோடுவது எலி ஓடுவதுபோல் தோன்றிற்றாம். எலி என்று பெயரிட்டால் அறிவியல். காலின் பின்புறத் தசையின் வடிவம் கண்டு கெண்டை மீனின் பெயரால் கெண்டைக்கால் என்று தமிழன் வழங்கினால் நாட்டுப்புறப் பேச்சு! இஃதென்ன முறை? கையை மடக்கும் தசைக்கு அவர்கள் இட்ட பெயரின் பொருள் 'இருதலையன்' என்பதே. இருதலைத் தசை, முத்தலைத் தசை, தொடையின் முன்புறத்து நாற்றலைத் தசை என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். படித்த பிள்ளை மறவாது. எலும்பின் முனையில் வழவழப்பாக அமைந்த மெல்லெலும்பு குருத்தெலும்பு. வாழைக்குருத்தைத் தொட்டவன் அதன் தன்மையை உணர்வான். மூட்டுக்குள் ஊறும் நீர் உயவுநீர். வண்டியச்சுக்கு மையிட்ட ஊரிலும், எக்கிகள் வார்க்கும் கோவையிலும் உயவின் பயனை விளக்க வேண்டியதில்லை.

முன்னோர் முயலாமலும் இல்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் தமிழ் கற்று, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். 1872இல் வெளிவந்த அவருடைய உடற்கூற்று நூலின் பெயர் 'மனுஷ அங்காதிபாதம்'. தொண்டு மலையளவு, பெயரோ வடமொழி. அயல்நாட்டார் ஒருவரைக் குறைகூறுவது முறையன்று. அவரைச் சூழ்ந்திருந்த புலமை அத்தகையது. கொங்கு மண்ணில் பிறந்த பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை உருவாக்கினார். தாமோதரனார் கோவையிலிருந்து கலைக்கதிர் இதழை நடத்தி அறிவியலைத் தமிழில் பரப்பினார். ஆயினும் 1966இல் தொடங்கிய கோவை மருத்துவக் கல்லூரியில் உழவர் வீட்டுப் பிள்ளைகள் உடலின் பெயர்களை ஆங்கிலத்திலேயே கற்றனர். கட்டிலில் கிடந்த நோயாளர் தமிழிலேயே முனகினர்.

நோய்ப்பெயர்களில் இடர் இன்னும் மிகுதி. மூளையின் குருதியோட்டம் தடைப்பட்டு ஒருபக்கம் விழுந்தால் பக்கவாதம். தண்டுவடத்து நரம்பணுக்கள் கெட்டுக் குழந்தையின் கால் சூம்பினால் இளம்பிள்ளைவாதம். மூட்டு வீங்கினால் கீல்வாதம், முடக்குவாதம். மூளை, தண்டுவடம், மூட்டு மூன்றுக்கும் ஒரே வாதம்! வாதத்தை நீக்கி வளி என்று மட்டும் மாற்றுவோர், வள்ளுவர் ஆண்ட சொல்லாயினும், குழப்பத்தை அப்படியே வைத்துச் சொல்லை மட்டும் தூய்மை செய்கின்றனர். காற்றினால் வராத நோய்க்குக் காற்றின் பெயர் எதற்கு? மூட்டு அழன்று வீங்குவது மூட்டழற்சி. குருத்தெலும்பு தேய்ந்து, முதுமையில் முழங்காலை வருத்துவது மூட்டுத்தேய்வு. உடலின் காப்பாற்றலே மாறித் தன் மூட்டுறையைத் தாக்குவது தன்தாக்கு மூட்டழற்சி. உப்புப் படிகங்கள் மூட்டில் தங்கிப் பெரும்பாலும் காற்பெருவிரலில் தொடங்குவது படிக மூட்டழற்சி. பெயரைக் கேட்டவுடனே நோயின் ஏது விளங்குகின்றதா, இல்லையா?

புதுச்சொல் படைக்கும் புலவர்க்கும் ஒன்று கூறவேண்டும். அகரமுதலியைப் புரட்டுமுன் கொங்கு ஊர்களில் செவிகொடுத்துக் கேளுங்கள். பிணைநார் இழுபட்டால் சுளுக்கு என்பர். எலும்பு மூட்டைவிட்டு நழுவினால் பிசகல் என்பர். ஒடிந்தால் முறிவு என்பர். மூன்று சொற்களும் அங்கே உயிரோடுள்ளன. இடர் எங்கே நேர்கின்றது? வீக்கத்தைக் கண்டவுடன் எல்லாவற்றையும் சுளுக்கு என்றெண்ணி எண்ணெயிட்டு நீவுவதில் நேர்கின்றது. முறிந்த எலும்பை நீவினால் அதன் கூர்முனை அருகிலுள்ள குருதிக்குழாயையும் நரம்பையும் கிழிக்கக்கூடும். ஆதலின் எலும்பு மூட்டு மருத்துவர் தரும் சீட்டில், சுளுக்கா, பிசகலா, முறிவா என்பதையும், அறுந்தது நாணா நரம்பா என்பதையும் தமிழில் எழுதித் தரல்வேண்டும். வீட்டிலுள்ள கிழவியும் அதைப் படிக்கக் கேட்டு, நீவலாமா கூடாதா என்று தெளிவாள்.