குங்குமப் பொட்டலமும் சர்க்கார் சட்டமும்

(அடி அண்ணாமலையில் விவசாயத் தொழிலாளர்களும் மில் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கூலி உயர்வைப் பற்றிப் பேசாமல் குங்குமத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் நினைக்கலாம். கூலியைப் பற்றித்தான் பேசுகிறேன். நீங்கள் வாங்கும் கூலியில் ஒரு பகுதி சோப்பாகவும், பவுடராகவும், குங்குமமாகவும், முகத்தில் பூசும் கிரீமாகவும் வீட்டுக்கு வருகிறது. காசு கொடுத்து வாங்கும் அந்தப் பண்டத்தில் என்ன கலந்திருக்கிறது? செய்தவன் சொன்னானா? சர்க்கார் சோதித்ததா? இதுதான் கேள்வி.

இந்தக் கிரிவலப் பாதையைப் பாருங்கள். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் தூரமும் ஜனக்கூட்டம். பாதையோரம் கூடை வைத்துக் குங்குமம் விற்பவர்கள் யார்? வயலில் வேலை இல்லாத நாளில் பிழைப்புத் தேடும் நம் சகோதரிகள்தான். கூடையில் இருக்கும் பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள். செய்தவன் பெயர் உண்டா? லைசென்ஸ் நம்பர் உண்டா? என்ன சரக்கு என்று எழுதியிருக்கிறதா?

குங்குமம் வைப்பதும் வைக்காததும் அவரவர் விருப்பம். அதில் நாம் தலையிடவில்லை. வைக்கிற குங்குமத்தில் விஷம் கூடாது என்றுதான் சொல்கிறோம்.

மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கும். ஆரத்தி கரைத்த ஒவ்வொரு தாய்க்கும் இது தெரியும். மஞ்சளோடு வெண்காரமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து இதே முறையில்தான் நல்ல குங்குமம் செய்தார்கள். ஆனால் மஞ்சளுக்கு விலை உண்டு. அரைக்கவும் உலர்த்தவும் நாள் பிடிக்கும். லாபவேட்டைக்காரன் அவ்வளவு நாள் காத்திருப்பானா? மலிவான மாவில் சாயத்தை ஏற்றுகிறான். சிலர் ஈயச் செந்தூரத்தையே கலக்கிறார்கள். நிறம் பளிச்சென்று இருக்கும், எடையும் கூடும்.

2017இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் அங்கேயும் இந்தியாவிலும் வாங்கிய 118 குங்கும, செந்தூர மாதிரிகளைச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் ஈயம் இருந்தது. நம் ஊர்க் கூடையில் இருப்பதிலும் ஈயம் உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. நெற்றியிலிருந்து உதிர்வது கையில் ஒட்டும், சோற்றில் விழும், குழந்தையின் வாய்க்குப் போகும். ஈயம் குழந்தையின் மூளையைக் கெடுக்கும். இந்த அளவு போனால் ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவே ஈயத்துக்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மில்லுக்குப் போகும் பெண்களுக்கு இன்னொரு வலை விரிக்கப்படுகிறது. ஏழே நாளில் சிவப்பாகலாம் என்று ஒரு கிரீம். கறுப்பு இழிவு என்று முதலில் மனத்தில் விஷத்தை ஏற்றுகிறான். பிறகு டப்பியில் விஷத்தை அடைத்து விற்கிறான். இப்படிப்பட்ட கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் பொருள் ஊறாமல் அது தடுக்கிறது. அதனால் முகம் வெளுக்கிறது. உள்ளே சிறுநீரகம் கெடுகிறது.

கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்து டாக்டர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அபூர்வமான ஒரு நோய்க்குறி 15 பேரிடம் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள்! 2023இல் கேரள சர்க்கார் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடைகளைச் சோதித்தது. நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் சோதனை வந்தது என்பதை மறக்கக் கூடாது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தில் 1962இல் திருத்தம் செய்து அழகுசாதனப் பொருள்களையும் சேர்த்தார்கள். ஆனால் ஏழை வீட்டிலும் தினமும் புழங்கும் சோப்பை மட்டும் வெளியே நிறுத்தினார்கள். அது உள்ளே வர 1982ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிறத்துக்காக ஈயமோ ஆர்சனிக்கோ சேர்க்கக் கூடாது என்பது விதி. கண்ணுக்கு இடும் பொருள் தவிர மற்றவற்றில், தானாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டு விதிகள். குங்குமத்தூளுக்கும் மருதாணித்தூளுக்கும் இந்தியத் தர நிர்ணயம் உண்டு.

அப்படியானால் குறை எங்கே? மில் தோழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஓடும் இயந்திரத்துக்கு வேலி போட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எழுதியது. தொழிலாளி சங்கமாகக் கேட்ட இடத்தில் வேலி வந்தது. கேட்காத இடத்தில் விரல் போனது. இந்தச் சட்டத்தின் கதையும் அதுவே.

இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். சட்டத்தின் 19ஆவது பிரிவு வியாபாரிக்கு ஒரு பாதுகாப்புத் தருகிறது. லைசென்ஸ் உள்ளவனிடம் வாங்கினேன், குறை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை, சரக்கை ஒழுங்காக வைத்திருந்தேன் என்று காட்டினால் அவர் தப்பலாம். பில் வைத்திருக்கும் பெரிய கடைக்காரர் காட்டிவிடுவார். மூட்டையிலிருந்து அளந்து வாங்கி விற்கும் கூடைக்காரப் பெண் எதைக் காட்டுவாள்? அவளுக்கு யார் பில் கொடுத்தார்கள்? கூடையைப் பறித்து அவளைக் குற்றவாளியாக்கினால், விஷத்தைக் கலந்தவன் சிரித்துக்கொண்டு அடுத்த மூட்டையைக் கட்டுவான்.

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. மொத்த வியாபாரியின் கிடங்கிலும் தயாரிப்பாளன் வாசலிலும் சோதனை நடக்க வேண்டும். சில்லறைக்கு வாங்குபவருக்கு, எவ்வளவு சிறிய தொகையானாலும், பில் கொடுக்க வேண்டும். மருந்து ஆய்வாளர்களையும் சோதனைச் சாலைகளையும் பெருக்க வேண்டும். சோதனை முடிவை ஜனங்கள் அறியத் தமிழில் வெளியிட வேண்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் கைகட்டி உட்காரவும் வேண்டாம். அதே சட்டத்தின் 26ஆவது பிரிவு, பொருளை வாங்கிய எவரும் கட்டணம் செலுத்தி, அரசுப் பகுப்பாய்வாளரிடம் அதைச் சோதனைக்குக் கொடுத்து, அவர் கையெழுத்திட்ட அறிக்கையைப் பெறலாம் என்கிறது. ஒரு கூலிக்காரருக்கு அந்தக் கட்டணம் பாரம். நூறு பேர் சேர்ந்து போட்டால் அது பாரமா? பெயரில்லாத பொட்டலத்தையும் டப்பியையும் வாங்காதீர்கள். முகத்துக்குக் கிரீம் பூசியவருக்குக் காலும் முகமும் வீங்கினால், சிறுநீர் நுரைத்தால், உடனே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த டப்பியையும் எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

தோழர்களே! கூலிக்காகச் சங்கம் சேர்ந்தோம். அந்தக் கூலி விஷமாகத் திரும்பி வீட்டுக்குள் வராமல் தடுப்பதும் சங்கத்தின் வேலைதான். முதல் பொட்டலத்தைச் சோதனைக்கு அனுப்ப இந்தக் கூட்டத்திலேயே துண்டேந்துவோம்!