அமுக்கரா கேப்ஸ்யூலும் என் நடுங்குன கையும்

போன எபிசோட்ல ஆன்-கால் வேலையைப் பத்திப் பேசும்போது, "தூக்கத்துக்கு ஒரு மூலிகை கேப்ஸ்யூல் எடுத்தேன்"னு ஒரே வரியில தாண்டிட்டேன். அதைக் கேட்டுட்டு சிலர் எந்த பிராண்டுன்னு கேட்டிருந்தீங்க. அப்பதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. இன்னைக்கு முழுக் கதையையும் சொல்லிடறேன்.

பெங்களூரு வேலையை வாசுதேவநல்லூர் வீட்டு மாடியில இருந்து பார்க்க ஆரம்பிச்ச நேரம். ஜன்னலைத் திறந்தா மேற்கே மலை. பார்க்கிறவங்க எல்லாம் "உனக்கென்னய்யா கவலை"ம்பாங்க. ஆனா சர்வர் விழுந்தா ராத்திரி ரெண்டு மணிக்கு போன் அலறும். கொஞ்ச நாள்ல போன் அலறாத ராத்திரியிலயும் ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தது. நெஞ்சு படபடக்கும், விடியற வரைக்கும் காரணமே இல்லாத பயம்.

மனநல டாக்டரைப் பார்க்கக் கூச்சம். யாராவது பார்த்துட்டா? கேப்ஸ்யூல்னா கூரியர்ல வந்துடும். அஸ்வகந்தான்னு ஆர்டர் போட்டேன், நம்ம ஊர் அமுக்கராக் கிழங்குதான். சீசனுக்குக் குற்றாலம் போகும்போதெல்லாம் கடை கடையா எண்ணெயும் பொடியும் பார்த்து வளர்ந்தவன் நான். இயற்கைதானே, என்ன பண்ணிடும்னு நினைச்சேன்.

முதல் ரெண்டு வாரம் நல்லாத் தூங்கினேன். பொய் சொல்லல. அமுக்கரா பத்தி ஆய்வுகளும் இருக்கு. 2012-ல வெளியான ஒண்ணுல 64 பேருக்கு 60 நாள், தினம் ரெண்டு வேளை 300 மில்லிகிராம் வேர்ச்சாறு கொடுத்துப் பார்த்தாங்க. போலி மாத்திரை எடுத்தவங்களைவிட இவங்களுக்கு மன அழுத்தம் நல்லாவே குறைஞ்சது. ஆனா 64 பேர், 60 நாள், அவ்வளவுதான். நான் மாசக்கணக்குல முழுங்கினேன்.

மூணாவது மாசம் படபடப்பு கூடிடுச்சு. வேர்வை, கை நடுக்கம், நாலு கிலோ எடை குறைஞ்சது. பதற்றம் ஜாஸ்தியாயிடுச்சுன்னு நானே முடிவு பண்ணி கேப்ஸ்யூலை ரெட்டிப்பாக்கினேன். லாக்கைப் பார்க்காம சர்வரை ரீஸ்டார்ட் பண்ணாதேன்னு ஜூனியர்களைத் திட்டுற ஆளு நான்! ஆச்சிதான் காபி டம்ளர் ஆடுறதைக் கவனிச்சா. "ஏல, கை ஏன் இப்படி ஆடுது? அந்த டப்பாவை எவன் முழுங்கச் சொன்னான்?"

ஆச்சி திட்டுனதுல தென்காசியில ஒரு சித்த மருத்துவரைப் பார்க்கப் போனேன். 'பரவாயில்ல, மூலிகைன்னா இவங்க நம்ம கட்சி'ன்னு மனசுல நினைப்பு. அந்தம்மா டப்பாவை வாங்கிப் பார்த்துட்டு ஓரமா வெச்சாங்க. "கையை நீட்டுங்க தம்பி." விரல் மேல ஒரு வெள்ளைத் தாளை வெச்சாங்க. தாள் படபடன்னு ஆடிச்சு. உடனே தைராய்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தாங்க.

டிஎஸ்ஹெச் ரொம்பக் கீழே இருந்தது. அதாவது தைராய்டு சுரப்பு அளவுக்கு மேல. அது கூடினாலும் படபடப்பு, நடுக்கம், தூக்கமின்மை வரும். பதற்ற நோய்க்கும் அதுக்கும் வெளியே இருந்து வித்தியாசம் தெரியாது. அமுக்கரா சிலருக்குத் தைராய்டு சுரப்பைக் கூட்டும். அதாவது எரியிற அடுப்புல நானே விறகைச் சொருகியிருக்கலாம். 'இருக்கலாம்'னுதான் சொல்றேன். அவங்க அனுப்பிவெச்ச தைராய்டு டாக்டரும், கேப்ஸ்யூல் மட்டும்தான் காரணம்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னுட்டார். நிறுத்திட்டு ஆறு வாரம் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொன்னார்.

சித்த மருத்துவர் சொன்ன இன்னொண்ணும் மனசுல நின்னுடுச்சு. அவங்க முறையில அமுக்கராவைப் பால் ஆவியில பிட்டவியலா வேகவெச்சு சுத்தி பண்ணித்தான் சேர்ப்பாங்க. அமுக்கரா சூரணத்துல சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு எல்லாம் கூட இருக்கும். அதையும் ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பாங்க. நான் வாங்கினது செறிவாக்கின சாறு. ஆச்சி வைக்கிற வல்லாரைத் துவையலும் கடையில விக்கிற வல்லாரைச் சாறு மாத்திரையும் ஒண்ணில்லைங்கிற மாதிரிதான் இதுவும்.

மூலிகைக்கு வேகம் கிடையாதுன்னு நினைக்கிறவங்களுக்கு சர்ப்பகந்தா ஒண்ணு போதும். 1952-ல அந்த வேர்ல இருந்துதான் ரெசர்பின்னு ஒரு மருந்தைப் பிரிச்செடுத்தாங்க. ரத்த அழுத்தத்துக்கும் தீவிர மனநோய்க்கும் உலகம் பூரா கொடுத்தாங்க. எடுத்தவங்கள்ல சிலர் மனச்சோர்வுல விழுந்ததாவும் பதிவுகள் இருக்கு. அமுக்கராவையே 2023-ல டென்மார்க் தடை பண்ணுச்சு. அந்தத் தடை சரியா தப்பான்னு சண்டை ஓடுது, அதுக்குள்ள நான் போகல. ஆனா அபூர்வமா சிலருக்குக் கல்லீரல் பாதிச்சது பதிவாகியிருக்கு. கண்ணு மஞ்சளானாலோ சிறுநீர் கருத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. தைராய்டு, சர்க்கரை, தூக்க மாத்திரை எடுக்கிறவங்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேக்காம இதைத் தொடாதீங்க. பதற்றத்துக்கு ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறவங்க, இதைக் கேட்டுட்டு அதைத் திடீர்னு நிறுத்திடாதீங்க.

ஆறு வாரத்துல டிஎஸ்ஹெச் சரியாயிடுச்சு. கை ஆடல. ஆனா ரெண்டு மணி பயம் முழுசாப் போகல. அது வேற பிரச்சினை, முதல்ல இருந்தே இருந்தது. கடைசியில திருநெல்வேலியில மனநல டாக்டரைப் பார்த்தேன். வெளியே காத்திருந்தப்ப எதிர் பெஞ்சுல எங்க தெருக்காரர் ஒருத்தர். ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் முழிச்சோம். அப்புறம் அவரே, "பஸ்ல வந்தியா, பைக்கா?"ன்னார். திரும்பி வரும்போது ஒரே பஸ்ல வந்தோம்.

நேர்ல போகத் தயக்கமா இருந்தா டெலி மானஸ் நம்பர் 14416. இலவசம், தமிழ்லயே பேசலாம், ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க. இந்த வாரம் நான்தான் ஆன்-கால், அதனால அடுத்த எபிசோட் ரெண்டு நாள் தள்ளி வரும்.