மருந்து ஒத்துவர நாளாகும்

1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் பற்றிய தீ 59 பேரைப் பலிகொண்டது. அப்படியொரு விபத்தில் தப்பியவருக்கு, பல வருடம் கழித்தும் புகை வாசனை பட்டாலே நெஞ்சு படபடக்கலாம், தூக்கம் கெடலாம். தயவுசெய்து அவரைக் கோழை என்று சொல்லாதீர்கள். பேரதிர்ச்சியால் வரும் இந்த மனப் பாதிப்புக்குச் சிகிச்சை உண்டு.

இதற்குத் தரப்படும் செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் உடனே கேட்காது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் மருத்துவர் அளவை மாற்றுவார், வேறு மருந்தும் தருவார். இது வழக்கமான நடைமுறைதான். பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து, தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் எனக்குக் கவலை. பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளோ பழக்கமாகிவிடும். கடையில் கேட்டு வாங்கி விழுங்கவே கூடாது.

பயிற்சி பெற்ற உளவியலாளர் துணையோடு, பயமுறுத்தும் நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளும் சிகிச்சையும் இருக்கிறது. பலருக்கு மருத்துவர்கள் முதலில் சொல்வதே இதைத்தான்.

டெல்லிவாசிகளுக்கு தில்ஷாத் கார்டனில் இஹ்பாஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. எங்கிருந்தாலும் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம்.