ஜன்னலோரத்து கந்தராஜ்

சைனிக்புரியில் தனி வீட்டை விட்டு ஃப்ளாட்டுக்கு வந்தபோது என் சகதர்மிணி மறக்காமல் எடுத்து வந்தது கந்தராஜ் செடி ஒன்றைத்தான். தாவரவியலில் கார்டீனியா, அலெக்ஸாண்டர் கார்டன் என்ற ஸ்காட்லாந்துக்கார டாக்டரின் ஞாபகார்த்தம். வருஷம் முழுக்கப் பச்சை, பூத்தால் ஹாலே மணக்கும்.

வெயில் வரும் கிழக்கு ஜன்னலோரம் வைத்தேன். தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் நீரையே ஊற்றினேன். இரண்டு மாதத்தில் துளிரெல்லாம் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை. பி.எஸ்ஸி. படித்தவன் செய்கிற காரியமா? போர் தண்ணீரின் உப்பெல்லாம் அந்தக் கழிவில்தானே சேர்கிறது! மண்ணில் காரத்தன்மை ஏறினால், இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இந்தச் செடிக்கோ அமில மண்தான் பிடிக்கும்.

மண்ணை மாற்றினேன். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றினேன். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து, சாயங்காலங்களில் இலைமேல் தெளித்தேன். பழைய இலைகள் தேறவில்லை. புதுத் துளிர் பச்சையாக வந்தது. ஒன்று சொல்கிறேன், மொட்டு விட்டபின் தொட்டியை இடம் மாற்றாதீர்கள், உதிர்ந்துவிடும்.

போன வெள்ளிக்கிழமை முதல் பூவை ஸ்வாமிக்குச் சாத்தினாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆர்.ஓ. கழிவுக் குழாயை மட்டும் பாத்திரம் தேய்க்கும் தொட்டிப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.