பதினாறு ஓட்டு

பசிபிக் கடலில் நியூசிலாந்துக்கு உட்பட்ட குட்டிப் பிரதேசம் டோக்கெலாவ். மூன்றே பவளத்தீவுகள், சுமார் 1,500 பேர். விமானம் இறங்க இடமில்லை. சமோவாவிலிருந்து கப்பலில்தான் போகவேண்டும், ஒரு நாளுக்கு மேலாகும்.

மூன்று வருஷத்துக்கொரு முறை அங்கே பொதுத்தேர்தல். தீவுக்கொரு தலைவர். அந்த மூவரும் ஆளுக்கொரு வருஷம் அரசுக்குத் தலைமை தாங்குவார்கள்; தலைநகரமும் கூடவே தீவு மாறும்! நம்மூர்க் கூட்டணிகள் கவனிக்க.

தன்னாட்சி வேண்டுமா என்று 2006-இல் மக்களிடமே கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. கிடைத்தது 60 சதவீதம். 2007-இல் மறுபடியும் வாக்கெடுப்பு, தீவு தீவாக. ஆதரவு 446, எதிர்ப்பு 246. பதினாறே ஓட்டு குறைந்தது. நியூசிலாந்தில் குடியேறிவிட்ட ஆயிரக்கணக்கான டோக்கெலாவ்காரர்களுக்கு அதில் ஓட்டே கிடையாது.