சிலிண்டரை லேத்துக்குக் கொடுக்குமுன்

(தோட்ட இளைஞர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



லயத்து வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்பது இப்போது அபூர்வமல்ல. டவுனுக்கு மரக்கறி கொண்டு போகவும் அவசரத்துக்கு நோயாளியை ஏற்றவும் அதுதான் உதவி. அது மலை ஏற்றத்தில் இழுக்காமல் நீலப் புகை கக்கினால், "போர் போச்சு, புது செட் போடு" என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்கிறோம் நாம்.

புகை எல்லாமே சிலிண்டர் குற்றமில்லை. பிளக்கைக் கழற்றி, கம்பிரஷன் அளந்து பாருங்கள். அந்தத் துவாரத்தால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளவுங்கள். நன்றாக ஏறினால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் வால்வுப் பக்கம் தேடுங்கள்.

சிலிண்டர்தான் என்றால் அளவு முக்கியம். ஹொண்டா சி.ஜி. 125 வண்டியில் அது புதிதில் 56.5 மில்லிமீற்றர். ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 என்று படிப்படியாக வரும். முதல் தேய்மானத்துக்கே 1.00க்கு வெட்டிவிட்டால் அடுத்த முறை ஸ்லீவ் மாற்ற வேண்டியதுதான். சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு தம்பி, வீணாய்ப் போகும்! மேல், நடு, அடி மூன்றிலும் அளந்து, தேய்மானமும் கீறலும் அழியக்கூடிய ஆகச் சிறிய படியைப் போடச் சொல்லுங்கள். (உட்புறம் கடினப் பூச்சுப் பூசிய அலுமினிய சிலிண்டர்களை இப்படிக் கடைய முடியாது. முதலிலேயே விசாரியுங்கள்.)

பிஸ்டனை வாங்கிய பிறகே லேத்துக்குப் போங்கள். இதைக் கண்டிப்பாகச் சொல்கிறோம். பெட்டியில் ஒரே அளவு எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி நூலளவு வித்தியாசம் இருக்கும். கையிலுள்ள பிஸ்டனுக்கே கடைய வேண்டும். இடைவெளி கூடினால் தட்டும். குறைந்தால் சூட்டில் பிஸ்டன் பிடித்து, ஓடுகிற வண்டியின் பின் சில்லே பூட்டிக்கொள்ளும். நம் தோட்டத்து இறக்கங்களில் அப்படி நடந்தால் என்னவாகும் என்று உங்களுக்கே தெரியும்.

கடைந்தபின் ஹோன் கல்லால் குறுக்குக் கோடு போடுவார்கள். கண்ணாடி மாதிரிப் பளபளக்க வேண்டுமென்று கேட்காதீர்கள், அந்தக் கோடுகளில்தான் ஒயில் தங்கும். கல்தூள் பெற்றோலுக்கு மட்டும் போகாது. சுடுதண்ணீர், சவர்க்காரம், பிரஷ் கொண்டு, வெள்ளைத் துணி கறுக்காமல் வரும்வரை கழுவுங்கள். உலர்ந்ததும் ஒயில் பூசுங்கள், மலைநாட்டு ஈரத்தில் துரு சுறுக்காய்ப் பிடிக்கும்.

பூட்டியபின் முதல் சில நூறு கிலோமீற்றருக்கு மூட்டை ஏற்ற வேண்டாம், முறுக்கவும் வேண்டாம். அந்த முதல் ஒயிலையும் சீக்கிரமே மாற்றுங்கள். வெயிலில் பிடித்துப் பார்த்தால் அதில் உலோகத்தூள் மினுங்கும்.